குளிரிலே தாழும் சுடர்

நுவரெலியாவின் விடியற்குளிரில் எரிவாயு அடுப்பின் சுடர் தாழ்ந்துவிடுவதுண்டு. சிலிண்டரில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் திரவக் கலவை. முன்னது பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை செல்சியசிலேயே கொதித்து வாயுவாகும்; பின்னது பூச்சியத்தை அண்மித்தே கொதிக்கும். ஆதலின் குளிரில் அமுக்கம் குறைகிறது. புரொப்பேன் முந்தித் தீர்வதால், சிலிண்டர் முடியுந் தறுவாயில் இக்குறை மிகும். அப்பொழுது ஓரடுப்பை மட்டும் எரிப்பதே தகும். சிலிண்டரைத் தணலருகே வைத்தல் பேராபத்து.

சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்திற் கரி படிந்தால், காரணம் வேறு: வாயுவுடன் காற்றுப் போதியளவு கலக்கவில்லை. அடுப்பை அணைத்து, ஆறியபின் எரிமுகத் துளைகளைத் துப்புரவாக்குங்கள். அரைகுறையாய் எரியும் வாயு, மணமற்ற நஞ்சாகிய காபனோரொட்சைட்டைப் பிறப்பிக்கும். குளிருக்கஞ்சி யன்னலை முற்றாக அடைத்துவிடாதீர்கள்.