எந்தக் காளானுக்கு வீரியம் அதிகம்?

சைலோசைபின் என்ற வேதிப்பொருள் உள்ள போதைக் காளான்களில் எதற்கு வீரியம் அதிகம் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்லும் பெயர் அசுரெசென்ஸ். அமெரிக்காவின் ஒரேகான் கடற்கரையில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் பகுதியில் வளர்வது. 1995இல்தான் அறிவியல் உலகம் அதற்குப் பெயர் சூட்டியது. உலர்ந்த காளானில் 1.8 சதவீதம் வரை சைலோசைபின் அளந்திருக்கிறார்கள். சாணத்தில் முளைத்து உலகமெங்கும் புழங்கும் கியூபென்சிஸில் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு.

இந்தக் கணக்கை நம்பி இறங்குவது ஆபத்து. 1982இல் பிக்வுட், பியூக் என்ற இரு ஆய்வாளர்கள் கியூபென்சிஸை மட்டும் எடுத்துக்கொண்டு, கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய சூழலில் வளர்த்து அளந்தார்கள். அப்படியும் வளர்ப்புக்கு வளர்ப்பு நான்கு மடங்கு வித்தியாசம் இருந்தது. வெளியிலிருந்து வந்த மாதிரிகளிலோ பத்து மடங்கு! ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி என்றால், பெயரைப் பார்த்து வீரியம் சொல்வது எப்படி? நசுக்கினால் நீலமாகும் காளானே வீரியமானது என்ற நம்பிக்கையும் உண்டு. சைலோசைபினிலிருந்து உண்டாகும் சைலோசின் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதால் வரும் நிறம் அது. நீலம் ஏறிய அளவுக்குச் சரக்கு குறைந்திருக்கிறது என்பதே உண்மை.

மெக்சிகோவின் ஓஹாகா மலைகளில் வாழும் மசாட்டெக் மக்களுக்குக் காளான் வகைகள் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மண்சரிவில் முளைப்பது, புல்வெளியில் முளைக்கும் சிறியது, சாணத்தில் முளைப்பது என்று பிரித்தறிந்தார்கள். எது அதிகம் தூக்கும் என்பது அவர்கள் கேள்வியே அல்ல. நோயாளிக்கு என்ன நோய், ஏன் வந்தது என்று அறியவே இரவுச் சடங்கில் உண்டார்கள். வாவ்ட்லா ஊரில் இச்சடங்கை நடத்திவந்த மரியா சபினா, 1955இல் கோர்டன் வாஸன் என்ற அமெரிக்க வங்கியாளரை அப்படியொரு சடங்கில் அனுமதித்தார். 1957இல் ‘லைஃப்’ இதழில் வாஸன் அதை எழுதினார். அதைப் படித்து, போதை தேடி வெளிநாட்டவர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மரியா சபினாவின் வீடு எரிக்கப்பட்டது. அந்நியர் வந்தபின் காளான்கள் தம் ஆற்றலை இழந்துவிட்டன என்று அவர் வருந்தினார். அந்த மக்களுக்கு நேர்ந்த அநீதியை நினைக்க மனம் கொதிக்கிறது.

மெக்சிகானா என்ற காளானிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் வாவ்ட்லாவுக்கே சென்று, அதன் மாத்திரைகளை மரியா சபினாவிடம் கொடுத்தார். காளானின் ஆற்றல் மாத்திரையிலும் உண்டு என்று அவர் ஏற்றுக்கொண்டதாக ஹாஃப்மன் பதிவு செய்திருக்கிறார்.

இன்றைய மருத்துவ ஆய்வுகளும் காளானைத் தராமல், அளந்த சைலோசைபினைத் தரும் அந்த வழியில்தான் போகின்றன. 2022இல் வெளியான ஆய்வில், மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு கொண்ட 233 பேருக்கு 1, 10 அல்லது 25 மில்லிகிராம் என்று அளந்த செயற்கை சைலோசைபின் கொடுத்தார்கள். 25 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு மூன்று வாரத்தில் 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது. தலைவலி, குமட்டல் மட்டுமல்ல, சிலரிடம் தற்கொலை எண்ணமும் பதிவானது. பயிற்சி பெற்றவர்கள் உடனிருந்தும் இப்படி!

இந்தியாவில் சைலோசைபின், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் உள்ளது. சட்டத்தைவிடக் கொடியது ஒன்றும் உண்டு. போதைக் காளான் போலவே தோற்றமளிக்கும் கலேரினா என்ற நச்சுக் காளான் கல்லீரலை அழித்துவிடும். வாந்தி தொடங்கவே பல மணி நேரம் ஆகும். கொடைக்கானலிலோ வேறெங்கோ போதைக் காளான் என்று யாராவது நீட்டினால், எந்தப் பெயர் சொன்னாலும் வாங்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.