பளபளப்பைப் பார்த்து வாங்கிய கார்

சொந்தக் கார் என்பது நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் நெடுநாள் ஆசை. புதியது வாங்க இயலாதோர், பிறர் ஓட்டிய காரை வாங்கி அவ்வாசையை நிறைவேற்றிக்கொள்கின்றனர். அதில் தவறேதுமில்லை. ஆனால் வண்ணப்பூச்சில் மயங்கி, கண்ணுக்குத் தெரியாத உறுப்புகளை மறந்தால் என்ன நேரும் என்பதை நாங்கள் பட்டறிந்தோம்.

ஏழாண்டு ஓடிய கார் ஒன்றை வாங்கிய மூன்றாம் மாதம், குடும்பத்துடன் ஏற்காட்டுக்குப் புறப்பட்டோம். சேலத்திலிருந்து ஏறும் அம்மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பாதி வழியில் எஞ்சின் இரைந்ததே தவிர, வண்டி ஏறவில்லை. கருகிய நாற்றம் எழுந்தது. குழந்தைகளுடன் சாலையோரம் நின்றோம்.

முதலில் காட்டிய பட்டறையில், "கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும், ரூ. 60,000 ஆகும்" என்றனர். நண்பர் ஒருவரோ, "கிளட்ச் கேபிளைச் சரிசெய்தால் சமவெளியில் சில நாள் ஓடும், அதற்குள் விற்றுவிடுங்கள்" என்றார். அதே வாரம் ஓர் இளைஞர், கடன் வாங்கிய பணத்துடன் வண்டி கேட்டு வந்தார். வாய் திறவாமல் விற்றுவிடலாமே என்று எங்கள் மனமும் ஒரு கணம் தடுமாறியது. எங்களிடம் ஒருவர் மறைத்த குறையை, நாங்களும் தெரிந்தே இன்னொருவரிடம் மறைப்பதா? உள்ளதைச் சொன்னோம். அவர் திரும்பிச் சென்றார்.

பின்னர் அனுபவமிக்க முதிய மெக்கானிக் ஒருவரை நாடினோம். எதிரே ஆளில்லாத சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, நான்காம் கியரில் கிளட்சை மெல்ல விட்டார். கிளட்ச் நன்றாயிருப்பின் எஞ்சின் உடனே நின்றுவிடும். எங்கள் வண்டியிலோ அது ஓடிக்கொண்டேயிருந்தது. வழுக்குவது கிளட்ச் தகடு எனத் தெளிவாயிற்று. கியர் ஆயிலை வடித்துப் பார்த்தார். உலோகச் சில்லுகள் இல்லை. எஞ்சினின் பின்புற ஆயில் சீலில் கசிந்த எண்ணெய் தகட்டில் படிந்ததே மூலகாரணம்.

தகடு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், சீல் ஆகிய நான்கையும் ஒருங்கே மாற்றினார். "கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியை இருமுறை கொடுப்பானேன்?" என்பது அவர் கேள்வி. செலவு ரூ. 14,500 ஆயிற்று.

அவரிடம் நாங்கள் கற்றவற்றை வாசகர்களுக்கும் சொல்கிறோம். பழைய காரை வாங்குமுன், அதை மேட்டில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி மெதுவாக ஓட்டும்போது முன்சக்கரப் பக்கம் 'டக் டக்' என ஒலித்தால், சி.வி. ஜாயின்ட் தேய்ந்திருக்கக்கூடும். அதை மூடியுள்ள ரப்பர் உறை கிழிந்தவுடனே மாற்றினால் சிறு செலவு. கிரீஸ் வழிந்து மண் புகுந்தபின் ஜாயின்ட்டையே மாற்ற நேரும். ஆட்டோமேட்டிக் வண்டியாயின் அதன் ஆயில் கறுத்துக் கருகிய மணம் வீசுகிறதா எனப் பார்ப்பது நன்று.

பெருஞ்செலவு என்று சொல்லப்பட்டால், பழுது எந்த உறுப்பில், எதனால் என்று கேளுங்கள். மற்றொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டுப் பாருங்கள். வண்டியின் விலையில் பெரும்பகுதியைப் பழுதே விழுங்குமானால், குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதே நேர்மை. ஓட்டும்போது கிளட்ச் மிதியின்மேல் காலை வைத்திருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தகடு நெடுநாள் உழைக்கும்.

ஆறு மாதங்களுக்குப்பின் அந்த இளைஞர் மீண்டும் எங்கள் இல்லம் வந்தார். தாம் வாங்க எண்ணிய வேறொரு காரைப் பார்த்துச் சொல்லுமாறு அழைத்தார். முதிய மெக்கானிக்கையும் உடன் அழைத்துக்கொண்டு மகிழ்வோடு சென்றோம்.