ஏடு மாறலாம், எழுத்து அழியலாகாது

திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டு ஒன்று இன்றைய ஆபீஸ்களுக்கு நல்ல பாடம் புகட்டுகிறது. அவ்வூர் மூலஸ்தானத்து இறைவனுக்கு ஸ்கந்தசிஷ்யன் என்னும் பல்லவ மன்னன் இறையிலியாக நிலம் அளித்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அத்தருமத்தை அவ்வாறே நிலைநிறுத்தினார். இருநூறு வருஷங்களுக்கு மேல் கழிந்தபின், முதலாம் ஆதித்தன் எனக் கருதப்படும் ராஜகேசரிவர்மன் தன் 27-ம் ஆட்சியாண்டில் அதே தானத்தைப் புதுப்பித்துக் கொடுத்தான். பல்லவர் போய்ச் சோழர் வந்தனர்; தானம் மட்டும் அழியவில்லை. பழைய சாஸனத்தைப் புதியதில் ஏற்றிவைக்கும் பொறுப்பை ஆட்சியிலிருந்தவர் ஏற்றுக்கொண்டதே அதன் காரணமாகும்.

இன்று நம் ஜனங்களின் சாஸனங்கள் கம்ப்யூட்டரில் எழுதப்படுகின்றன. வக்கீல்கள், பத்திரம் எழுதுவோர், பஞ்சாயத்துக் காரியாலயத்தார் ஆகியோரிடம் பல காலத்து ஆபீஸ் மென்பொருள்கள் ஒருங்கே வழங்கிவருகின்றன. இதில் குற்றமொன்றுமில்லை. வேலை செய்யும் இயந்திரத்தை எறிந்துவிடும்படி ஏழைத் தேசத்தாருக்கு யார் உபதேசிக்க முடியும்? ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்கவொண்ணாமற் போவதே கேடு.

அக்கேடு இரு வழிகளில் நேருகிறது. முதலாவது, பைலின் அமைப்பு. மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் வேர்டு, 97 முதல் 2003 வரையிலான பதிப்புகளில் 'டாக்' அமைப்பைக் கையாண்டது. 2007-ம் வருஷப் பதிப்பு 'டாக்-எக்ஸ்' அமைப்புக்கு மாறிற்று. தனியே ஓர் இணைப்பு மென்பொருளைச் சேர்த்தாலன்றிப் பழைய வேர்டு புதிய பைலைத் திறவாது.

இரண்டாவது, நமது பாஷைக்கே உரிய தொல்லை. யூனிகோட் முறையில் 1991-ம் வருஷத்திலேயே தமிழ் இடம் பெற்றபோதிலும், அது பரவுமுன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டை வகுத்துக்கொண்டது. பாமினி எழுத்துருவில் 'அ' என்பது ஆங்கில 'எம்' எழுத்தின் ஸ்தானத்தில் அமர்ந்திருக்கிறது. அவ்வெழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'அம்மா' என்ற சொல்லும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்களாகவே தோன்றும். சென்னை சர்க்கார் 1999-ம் வருஷத்தில் டாம், டாப் குறியீடுகளை அங்கீகரித்து, 2010-ம் வருஷத்தில் யூனிகோடை ஏற்றனர். இடைக்காலத்தில் எழுதப்பட்டவை தாமாகவே மாறிவிடுமா?

மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. ஆயினும் கண்மூடி நம்பலாகாது. தமிழும் ஆங்கிலமும் கலந்த கிரயப் பத்திரத்தை முழுதும் மாற்றினால், சர்வே நம்பரின் உட்பிரிவைக் காட்டும் 'ஏ', 'பி' என்ற ஆங்கில எழுத்துக்களும் ஏதோ தமிழெழுத்தாகிவிடக்கூடும். ஓரெழுத்து பிறழ்ந்தால் ஒரு குடியானவன் கோர்ட் வாசலில் நிற்க நேரிடும். ஆகையால் மூல பைலைத் தொடாமல் வைத்து, பிரதியை மாற்றி, இரண்டையும் ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பது அத்தியாவசியம்.

பழைய பதிப்புகளை எவ்வளவு காலம் காப்பதென்பது அந்நியக் கம்பெனியாரின் இஷ்டம். ஆபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கு அவர்கள் அளித்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நம்மவரின் சொத்துரிமை அவர்களுடைய பஞ்சாங்கத்தைப் பார்த்து நிற்பது சுயராஜ்யத்துக்கு அழகன்று. 2006-ம் வருஷத்தில் சர்வதேசத் தரமாகிய 'ஓ.டி.எப்.' அமைப்பு எவருக்கும் தனியுரிமையானதன்று. விலையின்றிக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸ் அதனையும் கையாளும். 'டாக்', 'டாக்-எக்ஸ்' பைல்களையும் திறக்கும்.

எனவே நாம் கூறுவது இதுவே. மென்பொருள் பல இருக்கட்டும். சேமிக்கும் அமைப்பு ஒன்றாகவும், எழுத்து யூனிகோடாகவும் இருக்கட்டும். கையொப்பத்துக்குரிய முடிவான பிரதியை, நெடுங்காலச் சேமிப்புக்கென வகுத்த 'பி.டி.எப்.-ஏ' அமைப்பிலும் வைக்கலாம். பழைய பைல்களை மாற்றும் வேலைக்குச் சர்க்கார் ஒவ்வொரு தாலுகாவிலும் பொறுப்பாளி ஒருவரை நியமிக்கவேண்டும். கல்லில் வெட்டிய தானத்தையே புதுப்பித்த நாடு இது. காந்தத் தகட்டில் எழுதியதைப் புதுப்பிக்கத் தயங்குவதற்கு நியாயமே இல்லை.