சேம அச்சு

அரசிளங்குமரன் ஒருவனைப் புகழவந்த புலவர், வண்டியின் அடியிலே கட்டித் தொங்கும் ஒரு மரத்தை உவமையாக எடுத்தார் என்றால் இக்காலத்தார் வியத்தல் கூடும். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைச் சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். உப்பு வணிகராகிய உமணரின் வண்டியிலே பாரமோ பெரிது. எருதுகளோ நுகத்துக்குப் புதியன. பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று முன்னறிவார் இல்லை. ஆதலின், பூட்டிய அச்சு முறியினும் வழியில் நின்றுவிடாதபடி மற்றோர் அச்சினை அடியிற் பிணித்துச் சென்றனர்.

வள்ளுவரும் வண்டியை நன்கு நோக்கியவர். மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்பது 475ஆம் குறளின் கருத்து. பெருந்தேரும் சிறிய அச்சாணியால் நிலைபெறுவதை 667ஆம் குறள் காட்டும். பாரத்தின் அளவு, ஆணியின் உறுதி, ஆபத்துக்கு உதவும் சேமம் ஆகிய இம்மூன்றையும் நம் மாணவர் பரீட்சைக்காக மனனம் செய்கின்றனர். இவை இன்று நம் வீதிகளில் ஓடும் ஊர்தி ஒன்றுக்கும் பொருந்துமாற்றை ஈண்டு எழுத விழைகின்றேன்.

உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவிச் செல்லும் இருசக்கரப் பெட்டியையே குறிக்கின்றேன். நெல், வைக்கோல், விறகு, மணல் யாவும் இன்று அதிலேதான் செல்கின்றன. பல பெட்டிகள் முதியவை. மாதக்கணக்கில் வேலியோரம் மழையில் நனைந்து கிடந்து, அறுவடை வந்ததும் புதுவர்ணம் பூசப்பெற்று வீதிக்கு வருகின்றன. வர்ணம் துருவை மறைக்குமேயன்றி நீக்காது.

பழம்பெட்டியைச் செப்பனிடுவோர் சக்கரத்திலிருந்து தொடங்குதல் நன்று. பெட்டியை வெறுமையாக்கி, மறுசக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தி, அச்சின்கீழ் உறுதியான முட்டுக் கொடுத்தல் வேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி அடியிற் புகுதல் உயிருக்கு உலை வைப்பதாகும். பின்னர்ச் சக்கரத்தைக் கையாற் சுழற்றினால் கரகரவென்னும் ஓசை எழுகின்றதா, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். இரண்டில் ஒன்று இருப்பினும் பெயரிங்கைக் கழற்றிச் சோதித்து, பழுதாயின் மாற்றி, நல்லதாயின் கழுவிப் புதுக் கிறீஸ் இட்டு, ஆட்டம் நீங்கப் பூட்டுதல் கடன். டயரில் பூத்தேய்வு இல்லாமை மட்டும் போதாது. பக்கங்களில் வெடிப்பு உண்டாயின் அது பாரத்தைத் தாங்காது. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கத்தே நான்கு இலக்கங்கள் பொறிக்கப்படுகின்றன. 2315 எனின் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது என்பது பொருள்.

அடுத்தது ஆணி. மாட்டுவண்டியின் ஏர்க்கால் போல முன்னே நீண்டிருக்கும் இழுவைச் சட்டத்தை இயந்திரத்தோடு பிணைப்பது ஒரு சாண் இரும்பாணியே. அது தேய்ந்திருப்பினும், அது புகும் துளை நீள்வட்டமாய் அகன்றிருப்பினும், குலுக்கத்தில் வெளியேறிவிடும். கைக்கு அகப்பட்ட கம்பியை வளைத்து ஆணியாகச் செருகும் வழக்கம் அறவே ஒழிதல் வேண்டும். உரிய ஆணியும், அது மேலெழாமல் தடுக்கும் பூட்டூசியும் இன்றிப் பெட்டி நகரலாகாது. சட்டத்தில் வெடிப்புக் கண்டால், துருவின்மேலேயே வெல்டிங் இட்டு மறைக்காமல், வெடிப்பை அடிவரை அராவி நீக்கித் தேர்ந்தவரைக் கொண்டு ஒட்டுவித்தல் முறை.

இனிச் சேம அச்சு. ஆணி கழன்ற கணத்தில் பெட்டியைத் தாங்குவது சங்கிலி. இரு சங்கிலிகளைச் சட்டத்தின்கீழே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லுமாறு பூட்டினால், கழன்ற சட்டம் நிலத்திற் குத்தாமல் அவற்றின்மேல் ஏந்தப்பெறும். திருப்பத்துக்கு இடங்கொடுக்கும் தளர்வு வேண்டும்; தரையில் உரசும் நீளம் ஆகாது.

பாரம் ஏற்றுவதில் நம் வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று கூறிய நுட்பம் இன்றும் மாறவில்லை. பின்பாரம் மிகுந்தால் சட்டம் மேலெழும், இயந்திரத்தின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும், பெட்டி வாலாட்டும். மோட்டார் வண்டி இழுக்கும் பெட்டிகளுக்கு, மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொளுவியின்மேல் இறங்குதல் நன்றென்பர். தனக்கெனப் பிறேக் இல்லாத பெட்டி, இறக்கத்தில் இயந்திரத்தை முன்தள்ளும். வேகம் இருமடங்கானால், பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறத்தாழ நான்மடங்காகும்.

சிறுவர்கள் இழுவைச் சட்டத்தின்மேல் நின்று செல்வதையும், பின்னே சிவப்புப் பிரதிபலிப்பான் ஒன்றுமின்றிப் பெட்டிகள் இருளில் ஊர்வதையும் யான் பன்முறை கண்டிருக்கின்றேன். சட்டத்தில் நிற்பவன் தவறினால் விழும் இடம் சக்கரத்தின் முன்னேயாம். ஆணி கழன்ற பெட்டி எவ்வழி பாயும் என்பதைச் சாரதியும் அறியான். எதிரே சைக்கிளில் வரும் பிள்ளையும் அறியாது.

உமணர் கட்டிச் சென்ற சேம அச்சு, பல பயணங்களில் தொடப்படாமலேயே ஊர் திரும்பியிருக்கும். அதனை வீண்சுமையென்று அவர்கள் அவிழ்த்தெறியவில்லை. சங்கப்பாட்டை வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியன்மார், அந்தச் சேம அச்சு இன்று சங்கிலியாயும் ஆணியாயும் எங்கே இருத்தல் வேண்டும் என்பதையும் உடன் கூறுவாராயின், மாணவர் வீடு சென்று தந்தையாரின் பெட்டியைக் குனிந்து பார்ப்பர். பாட்டின் பயனும் அதுவேயாகும்.