புன்னைக்காயல்

தண்பொருநை எனப் புகழ்பெற்ற தாமிரபரணி, பொதிகையிற் பிறந்து, வயல்களை வளப்படுத்தி, மன்னார் வளைகுடாவிற் கலக்கும் இடத்தே அமைந்த பழம்பதி புன்னைக்காயல். புன்னை, நெய்தல் நிலத்து மரம். காயல் என்பது கடலையடுத்த உப்பங்கழி. இவ்விரண்டும் சேர்ந்து ஊர்ப்பெயராயின. தூத்துக்குடியினின்று திருச்செந்தூர் செல்லும் சாலையில் ஆத்தூரை அடைந்து, கிழக்கே திரும்பிச் செல்வோர் இவ்வூரை எய்தலாம்.

இவ்வூரின் வரலாறு ஆற்றின் வரலாறேயாகும். முற்காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகமாய் விளங்கியது கொற்கை. ஆறு கொணர்ந்த வண்டல் ஆண்டுதோறும் படிந்தமையால் கடல் பின்வாங்கிற்று. கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. அதன்பின் காயல் சிறப்புற்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதன் வாணிகச் செழிப்பை எழுதி வைத்தார். அத்துறையும் வண்டலால் தூர்ந்தது. இன்று அது பழையகாயல் எனப்படுகின்றது. கழிமுகத்தை ஒட்டிய புன்னைக்காயல் அடுத்து ஏற்றம் பெற்றது. கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்தாய்ந்த கால்டுவெல், வண்டலால் கடல் விலகியதை விளக்கியுள்ளார்.

16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர், முத்துக்குளித்துறைக்கு இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்டனர். 1553இல் பகைவர் இதனைத் தாக்கினர். பின்னர்த் தலைமையிடம் தூத்துக்குடிக்கு மாறிற்று.

எனினும் இவ்வூர்க்கு அழியாப் புகழ் தந்தது முத்தன்று, அச்செழுத்தே. போர்ச்சுக்கல் நாட்டினரான அண்டிரிக் அடிகளார் இங்குத் தங்கித் தமிழ் பயின்றார். நோயாளர்க்கு மருத்துவமனையும் அமைத்தார். கொல்லத்தில் 1578இல் அச்சேறிய அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ சிறு நூல். 1586இல் புன்னைக்காயலில் அச்சான ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கங்களைக் கடந்த பெருநூல். ஓலையும் எழுத்தாணியுமே அறிந்திருந்த பரதவர் சிற்றூரில் ஈய எழுத்துகள் தமிழ் பேசின!

காலப்போக்கில் அந்நூல் இக்கரையில் மறக்கப்பட்டது. வத்திக்கான் நூலகத்திலிருந்த படியைத் தனிநாயக அடிகள் 1954இல் கண்டறிந்தார். இராசமாணிக்க அடிகளார் பதிப்பிக்க, 1967இல் அது தூத்துக்குடியில் மீண்டும் வெளிவந்தது. கரை கடந்து சென்ற செல்வம் நான்கு நூற்றாண்டு அளவில் கரை சேர்ந்தது.

இன்று இவ்வூரைக் காணச் செல்வோர் மாடமாளிகைகளைக் காணார். ஆறும் கடலும் கூடும் கழிமுகத்தையும், மீன்பிடி படகுகளையும், உழைத்து வாழும் மக்களையும் காண்பர். அரசினர் நடத்திய முத்துக்குளிப்பும் 1961க்குப் பின் நிகழவில்லை. துறைமுகம் தூர்ந்தது, முத்தும் அருகியது, அச்சேறிய நூலோ நிலைத்தது. செல்வத்துள் நிலையானது எது என்பதை இவ்வூர் சொல்லாமற் சொல்லுகின்றது.