ஒரே போட்டோ, ஐந்து பிரதி!

செல்போனை அடைக்கும் இரட்டைப் படங்கள், களைவது எப்படி?

மயிலாப்பூரில் ஒரு கலியாணம் என்று வைத்துக் கொள்வோம். கெட்டிமேளம் கொட்டுகிறது. மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேர் கையிலும் செல்போன்!

பெண்ணின் சித்தப்பா ஒரு படம் எடுக்கிறார். அது ஒன்று.

அதை "வாட்ஸ்அப்" மூலம் குடும்பக் குழுவுக்கு அனுப்புகிறார். அனுப்பியதன் பிரதி அவர் போனிலேயே தனியாக ஓர் இடத்தில் தங்கி விடுகிறது. அது இரண்டு.

அடையாற்றில் இருக்கும் அத்தை அந்தப் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் திருப்பி அனுப்புகிறார். அது மூன்று. தியாகராய நகர் மாமா அதை இன்னொரு குழுவில் போடுகிறார். அந்தக் குழுவிலும் சித்தப்பா இருக்கிறார்! அது நான்கு. நடுவில் வந்து நின்ற வீடியோக்காரரை வெட்டிவிட்டுச் சித்தப்பா மறுபடி சேமிக்கிறார். அது ஐந்து.

மாப்பிள்ளை கட்டியது ஒரு தாலிதான். போனில் இருப்பதோ ஐந்து படம்!

எண்ணி எடுத்த காலம்

முன்பு இப்படி இல்லை. பெட்டிக் காமிராவில் ஒரு சுருள் பிலிம் போட்டால் 8 படம், அல்லது 12 படம். பிறகு வந்த சிறு காமிராக்களில் 36 படம். பிலிமுக்குக் காசு, கழுவக் காசு, அச்சுப் போடக் காசு. "அசையாதே!" என்று அதட்டி விட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்கள்.

இப்போது அழுத்துவதற்குக் காசு இல்லை. ஒரு முகத்துக்கு மூன்று தடவை அழுத்துகிறார்கள். அதனால் வந்த வினை இது.

காலை வணக்கம்!

இது சென்னைக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. 2018 சனவரியில் அமெரிக்காவின் "வால் ஸ்ட்ரீட் ஜர்னல்" பத்திரிகை ஒரு வேடிக்கையான செய்தி வெளியிட்டது. இந்தியாவில் செல்போன்கள் அடிக்கடி திணறி நின்றன. காரணம் என்ன என்று "கூகிள்" நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். பூவும் சூரியனும் போட்டு, "காலை வணக்கம்" என்று தினமும் அனுப்பும் படங்கள்தான் காரணம் என்று கண்டார்கள்! இந்தியாவில் மூன்றில் ஒருவர் போனில் இடம் தீர்ந்து போகிறது. அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் அப்படி என்றும் அந்தச் செய்தி கூறியது.

அதற்கு முந்தின மாதம்தான், 2017 டிசம்பரில், போனைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு செயலியைக் கூகிள் இந்தியாவில் வெளியிட்டிருந்தது. இரட்டைப் படங்களைப் பொறுக்கிக் காட்டுவதும் அதன் வேலைகளில் ஒன்று. "ஐபோன்" வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் அந்த வசதி போனுக்குள்ளேயே வந்து விட்டது.

கைரேகை போல

கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. இரண்டு படம் ஒன்று என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது ஒரு நீண்ட எண் வரிசை. அந்த வரிசையைக் கணக்குப் போட்டுப் பிழிந்து, ஒரு சிறிய அடையாளம் எடுக்கிறது. பத்திரப் பதிவு ஆபீசில் கைரேகை எடுப்பது போல என்று சொல்லலாம். 1991-ல் ரொனால்டு ரிவெஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர் உண்டாக்கிய ஒரு முறையில் இந்தக் கைரேகைக்கு 32 எழுத்து. இரண்டு படத்தின் கைரேகையும் ஒன்றாக இருந்தால், இரண்டும் அச்சுப் பிசகாத ஒரே படம்.

ஆனால் இதில் ஒரு சங்கடம். அத்தை கொஞ்சம் வெளிச்சமாக்கினாரே, அந்தப் படத்தின் கைரேகை அடியோடு மாறிவிடும்! ஒரே ஒரு புள்ளி மாறினாலும் போதும், எல்லாம் மாறிவிடும்.

அதற்கு இன்னொரு தந்திரம் செய்கிறார்கள். புள்ளிக் கோலம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். படத்தை வரிசைக்கு 8 கட்டமாக 8 வரிசைக்குச் சுருக்கி விடுகிறார்கள். மொத்தம் 64 கட்டம். நிறம் கிடையாது; கறுப்பு வெள்ளைதான். ஒவ்வொரு கட்டமும் சராசரியை விட வெளிச்சமா, இருட்டா என்று மட்டும் குறித்துக் கொள்கிறார்கள். இரண்டு படத்தின் 64 குறிகளில் ஏறக்குறைய எல்லாம் ஒத்துப் போனால், படமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் குடும்பப் படத்தில் ஒன்றில் பாட்டி கண்ணை மூடியிருக்கிறார், அடுத்ததில் சிரிக்கிறார். 64 கட்டத்தில் பாட்டியின் சிரிப்பு தெரியாது! எதை வைத்துக் கொள்வது என்று வீட்டு மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எதை வைப்பது?

பிரதிகள் எல்லாம் சமம் அல்ல. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சிட்டார். அதற்காகப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார். அவர் பெயரால் அமைந்த நூல் நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது.

போட்டோவுக்கும் அந்த நிதானம் வேண்டும். வாட்ஸ்அப் வழியாக வரும் படம் சாதாரணமாகச் சுருங்கித்தான் வருகிறது. எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து உதிர்ந்து விடுகின்றன. "ஆண்ட்ராய்டு" போன்களில் அப்படி வந்த படத்தின் பெயரில் "டபிள்யூ ஏ" என்ற இரண்டு எழுத்து இருக்கும். ஆகவே இரண்டில் எது பெரிய கோப்போ, எதில் எடுத்த தேதி இருக்கிறதோ, அதை வைத்துக் கொள்ள வேண்டும். மற்றதை அழிக்கலாம்.

அடையாறு பெருகிய இரவு

இனிச் சொல்வதுதான் முக்கியம்.

2015 டிசம்பர் முதல் தேதி. கொட்டும் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்து விட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. உயிர் தப்பினால் போதும் என்று ஓடியவர்கள் ஆல்பத்தையா எடுத்துக் கொண்டு ஓடுவார்கள்?

பீரோவில் இருந்த கலியாண ஆல்பங்கள் ஊறிப் போயின. பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொண்டன. கம்ப்யூட்டர்கள் சேற்றில் கிடந்தன. வேறு ஊரில், வேறு வீட்டில் பிரதி இருந்தால் ஒழிய, போன படம் போனதுதான்.

ஆகவே இரட்டைப் படத்தில் இரண்டு ரகம் உண்டு. ஒரே போனில் ஐந்து இருந்தால் அது குப்பை. ஒன்று சென்னையிலும் ஒன்று மதுரையில் அக்காள் வீட்டிலும் இருந்தால் அது காப்பு! போனைச் சுத்தம் செய்ய உட்காருகிறவர்கள், முதலில் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து விட வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அது கடைக்குக் கடை கிடைக்கிறது. அந்த டிஸ்கும் ஒரு நாள் பழுதாகும். இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது உத்தமம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. "கூகிள் போட்டோஸ்" பகுதியில் சேர்த்து வைத்த படத்தை, அதே செயலியில் அழித்தால், போனில் உள்ளதும் சேர்த்து வைத்ததும் இரண்டும் போய்விடும்! போனில் மட்டும் இடம் வேண்டுமானால், அதற்கென்று தனிப் பொத்தான் இருக்கிறது. தவறி அழித்தவர்கள் பதற வேண்டாம். சேர்த்து வைத்த படம் அதன் குப்பைக் கூடையில் 60 நாள் கிடக்கும். ஐபோனில் 30 நாள்.

அங்கே இலவச இடம் 15 ஜி.பி. மட்டுமே. 2021 சூன் முதல் தேதியோடு, கணக்கில்லாமல் சேர்க்கும் சலுகை முடிந்து விட்டது. படம் ஒன்று 3 எம்.பி. என்றால் 5,000 படத்தில் நிரம்பி விடும். கடிதங்களுக்கும் அதே இடம்தான்.

மங்கலான படம்

சுத்தம் செய்யும் செயலிகள் சில, "மங்கலான படங்கள்" என்று ஒரு பட்டியலும் காட்டும். எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அழிக்கச் சொல்லும். அவசரப்படக் கூடாது.

சுவரில் மாட்டியிருந்த பழைய ஸ்டூடியோப் படத்தை, கண்ணாடி மேலேயே யாரோ போனில் எடுத்திருப்பார்கள். விளக்கு வெளிச்சம் விழுந்து அது மங்கலாகத்தான் இருக்கும். சட்டத்தில் இருந்த அசல் செல்லரித்துப் போயிருந்தால், கொள்ளுப் பாட்டிக்கு உலகத்தில் இருக்கும் ஒரே படம் அதுதான்!

அப்படிப்பட்ட படத்துக்குக் கம்ப்யூட்டர் வெறும் எண்ணைத்தான் பெயராக வைத்திருக்கும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, இது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, அந்தப் பெயரை மாற்றி எழுதி விடலாம். ஒரு படத்துக்கு அரை நிமிடம் பிடிக்கும்.