தனிப்பயன் கார்களின் வாடகை ஓட்டமும் காப்பீட்டுத் தகராறுகளும்: காவிரிப் படுகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொந்தப் பயன்பாட்டிற்கெனப் பதிவு செய்யப்பட்ட கார் வாடகைக்கு ஓடும்போது விபத்துக்குள்ளானால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுப்பதுண்டு. அம்மறுப்பு யாருக்கு எதிராக எந்த அளவிற்குச் செல்லும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மோட்டார் காப்பீடு, வாடகை, பயன்பாட்டு வரம்பு, இழப்பீடு, காவிரிப் படுகை.

முன்னுரை

காவிரிப் படுகையில் வாடகைக் காரின் தேவை பருவத்திற்கேற்ப ஏறி இறங்கும். கும்பகோணத்தை மையமாகக் கொண்ட நவக்கிரகத் தலப் பயணம், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர்க் கந்தூரி, முகூர்த்த நாட்கள், திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து அயல்நாட்டு உறவினரை அழைத்து வருதல் ஆகியன அத்தேவையை உருவாக்குகின்றன. இந்நாட்களில் மஞ்சள் எண்பலகை வண்டிகளோடு, வெள்ளை எண்பலகை கொண்ட சொந்தக் கார்களும் ஓடுகின்றன. ஊராருக்கு வண்டி கொடுத்து டீசல் செலவும் ஓட்டுநர் பேட்டாவும் மட்டும் பெறுவோர் உண்டு. நாள் வாடகை பேசுவோரும் உண்டு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையிலேயே தகராறு பிறக்கிறது.

சட்டமும் ஒப்பந்தமும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(35) பிரிவு, வாடகைக்கோ கைம்மாறுக்கோ பயணிகளை ஏற்றப் பயன்படும் எவ்வாகனத்தையும் பொதுப்பணி வாகனமாகக் கருதுகிறது. பதிவுச் சான்றின் வகைப்பெயரன்று, பயன்பாடே இங்கு அளவுகோல். அத்தகைய வாகனத்திற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது 66ஆம் பிரிவு. தனிப்பயன் காரின் காப்பீட்டுப் பத்திரமும் ‘பயன்பாட்டு வரம்பு’ என்னும் பகுதியில் வாடகை ஓட்டத்தை விலக்குகிறது. வாடகை வண்டிக்கு இடரும் மிகுதி, பிரீமியமும் வேறு. ஆகவே நிறுவனத்தின் வாதம் அடிப்படையற்றதன்று. எனினும் அவ்வாதத்தின் விளைவு மூவருக்கு மூன்று வகையாக அமைகிறது.

மூவர் நிலை

முதலாமவர் சாலையில் அடிபட்ட மூன்றாம் தரப்பினர். அனுமதிச் சீட்டில்லாத வாகனத்தை வாடகைக்கு ஓட்டியதை நிறுவனம் தற்காப்பாக எழுப்ப 150(2) பிரிவு இடமளிக்கிறது; 2022 ஏப்ரல் 1க்கு முன் இது 149(2) பிரிவாக இருந்தது. ஆனால், நிபந்தனை மீறலை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்று, ஓட்டுநர் உரிமம் தொடர்பான 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ((2004) 3 எஸ்.சி.சி. 297) உச்சநீதிமன்றம் வரையறுத்தது. அனுமதிச் சீட்டில்லாத லாரி பற்றிய 2018ஆம் ஆண்டு வழக்கில் ((2018) 7 எஸ்.சி.சி. 558), நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திப் பின்னர் உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற ஆணை உறுதி செய்யப்பட்டது.

இரண்டாமவர் காரில் சென்ற பயணி. முழுமைப் பத்திரம் காரில் இருப்போரையும் உள்ளடக்கும். ஆயினும் அவர் கட்டணம் கொடுத்தவர் என்று தெரிந்தால், நிறுவனம் மேற்கண்ட தற்காப்பை அவருக்கு எதிராகவும் எழுப்பும்.

மூன்றாமவர் கார் உரிமையாளர். தம் வண்டியின் சேதத்திற்கு அவர் ஒப்பந்தத்தை மட்டுமே நம்பியிருக்கிறார். எனினும் அவரது கோரிக்கையும் முற்றாக அழிவதில்லை. டாக்சியாக ஓட்டப்பட்ட தனிப்பயன் வாகனம் திருடுபோன வழக்கில் ((2008) 11 எஸ்.சி.சி. 259), 75 விழுக்காடு வழங்கும் ஆணையை உச்சநீதிமன்றம் ஏற்றது. விபத்துச் சேதம் பற்றிய 2010ஆம் ஆண்டு வழக்கில் ((2010) 4 எஸ்.சி.சி. 536), கோரிக்கையை முழுமையாக மறுக்க இயலாது எனக் கூறி ரூ.2,50,000 வழங்கப் பணித்தது. பயன்பாட்டு வரம்பு மீறப்பட்டால், ஏற்கத்தக்க தொகையில் 75 விழுக்காடு வரை தரலாம் என்னும் ‘நான்-ஸ்டாண்டர்டு’ வழிகாட்டுதலே இதன் அடிப்படை. எடுத்துக்காட்டாக, ஏற்கத்தக்க சேதம் ரூ.4,00,000 எனில் ரூ.3,00,000 வரை கிடைக்கலாம். மறுப்புக் கடிதத்தையே இறுதி முடிவாகக் கொள்ளும் உரிமையாளர் இத்தொகையை இழக்கிறார்.

‘வாடகை’ என்னும் சொல்

காப்பீட்டுப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. காவல் நிலையத்தில் அளிக்கப்படும் வாக்குமூலமோ தமிழில் அமைகிறது. பேச்சு வழக்கில் ‘வாடகை’ என்பது இலாபம் கருதிய கட்டணத்தையும் குறிக்கும். டீசல் செலவைப் பகிர்வதையும் சில வேளை குறிக்கும். ‘வாடகைக்குப் பேசிச் சென்றோம்’ என்று முதல் தகவல் அறிக்கையில் பதிவாகும் தொடர், நிறுவனத்தின் முதன்மைச் சான்றாகிவிடுகிறது. பெறப்பட்ட தொகை எவ்வளவு, எதற்காக, ஓட்டம் ஒருமுறையா தொடர்ச்சியா என்பவற்றை ஆராயாமல் அச்சொல்லை மட்டும் கொண்டு முடிவெடுப்பது பொருந்தாது.

தீர்வு மன்றங்கள்

மூன்றாம் தரப்புக் கோரிக்கை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கு உரியது. உரிமையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையோ அணுகலாம். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து, தஞ்சாவூர் மாவட்டத்தினர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்ல வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தினருக்கு உரியது சென்னை முதன்மை அமர்வு.

முடிவுரை

‘செலுத்திப் பின் வசூலித்தல்’ முறை அடிபட்டவரைக் காக்கிறது. ஆனால் சுமை உரிமையாளரிடமே திரும்புகிறது. சிறு நெல் விவசாயி ஒருவர் திருவிழா நாட்களில் தம் காரை ஓட்டிப் பெறும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஈடாக, அவரது நிலம் வசூல் நடவடிக்கைக்கு உள்ளாகக்கூடும். தொடர்ந்து வாடகைக்கு ஓட்டுவோர் பதிவையும் காப்பீட்டையும் முன்கூட்டியே மாற்றிக்கொள்வதே பாதுகாப்பான வழி. பயன்பாட்டு வரம்புப் பகுதி தமிழிலும் அச்சிடப்பட்டு, செலவுப் பகிர்வு வாடகையாகுமா என்பது அதில் வெளிப்படையாகச் சொல்லப்படுமாயின், இத்தகராறுகளில் ஒரு பகுதியேனும் தவிர்க்கப்படும்.